தெக்கு பாத்த வெளக்கு

கார்த்திகை பொறந்துட்டா எங்க தெருவுல பொழுது சாயற நேரத்துக்கு வூட்டுக்கு வூடு வாசப்படியில ரெண்டு அகல் எரியும். பெரிய கார்த்திகை அன்னிக்கு மட்டும் இல்ல, மாசம் பூரா. அது பொம்பளைங்க வேல. யாரும் சட்டம் போடல, ஆனா அப்படித்தான். ஆம்பளைங்க அந்த நேரத்துக்கு ஒரகடத்துலேர்ந்து கம்பெனி பஸ்ஸுல வாயத் தொறந்துகினு தூங்கிகினு வருவாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல எறங்கி தெருவுக்குள்ள நொழையும்போது வெளக்கு எரிஞ்சிகினு இருக்கும். யாரு ஏத்தினாங்க, எப்ப ஏத்தினாங்கன்னு யோசிக்கறவன் கெடையாது. தெரு லைட்டு தானா எரியற மாதிரி இதுவும் தானா எரியுதுன்னு ஒரு நெனப்பு. நானும் ரொம்ப வருஷம் அந்த பஸ்ஸுல வந்தவன்தான்.

இந்த வருஷம் நான் பஸ்ஸுல இல்ல. வூட்ல இருந்தேன்.

கார் கதவுக்கு உள்பக்கம் மாட்டற பிளாஸ்டிக் சாமான் செய்யற லைனுக்கு நான் சூப்பர்வைசரா இருந்தேன். ஆர்டர் வேற ஸ்டேட்டுக்கு போச்சு. லைன மூடிட்டாங்க. எங்கள வரிசையா நிக்க வெச்சு ஆளுக்கொரு பூச்செண்டு குடுத்து, கை குலுக்கி அனுப்பினாங்க. பூச்செண்டு மறுநாள் வாடிச்சு. நான் கேட்டு தாண்டறதுக்குள்ளயே வாடிட்டேன்.

தெருவுல இன்னான்னு சொல்றது? யோசிச்சு யோசிச்சு, "வொர்க் ஃப்ரம் ஹோம் குடுத்துட்டாங்க"ன்னு சொல்லி வெச்சேன். கார் கதவ வூட்ல ஒக்காந்துகினு எப்படிய்யா செய்வேன்னு ஒருத்தர்கூட கேக்கல. அவ்ளோ பெரிய பொய்ய சொல்லி ஒருத்தனும் சிரிக்கலன்னா, அவங்களுக்கு உண்ம தெரியும்னு அர்த்தம். எனக்கு அது அப்ப ஒறைக்கல. நான் நல்லா சமாளிக்கிறேன்னு நெனச்சிகினு, காலைல சட்ட போட்டுகினு, கழுத்துல பழைய ஐடி கார்டு மாட்டிகினு மாடில நின்னு போன்ல சத்தமா "டார்கெட் இன்னாச்சு?"ன்னு கேப்பேன். எதிர்ல பேசறவன் என் மச்சான். தண்டலத்துல காலேஜு வாசல்ல ஜூஸ் கட வெச்சிருக்கான். "சாத்துக்குடி முடிஞ்சிடுச்சு மாமா"ம்பான்.

நான் இப்படி நாடகம் போட்டுகினு இருந்தப்ப என் வூட்டம்மா ஒரு கம்பெனி கேன்டீன்ல வேலைக்கு சேந்துட்டா. தட்டு கழுவற எடத்துல. என்னக் கேக்கல. சேந்துட்டு வந்து சொன்னா. பஸ் வரும், சாப்பாடு உண்டு, யூனிபாரம் உண்டு. நான், "நல்ல கம்பெனி, எனக்கும் ஒரு தட்டு கழுவாம வைக்க சொல்லு"ன்னு ஜோக் அடிச்சேன். அவ சிரிச்சா. அந்த சிரிப்ப நெனச்சா இப்பவும் கூச்சமா இருக்கு. சிரிக்கற மாதிரி நான் ஒன்னும் சொல்லல.

எங்க பொண்ணு கட்டிக்குடுத்து திருவள்ளூர் பக்கம் கீது. மொத வாட்டி உண்டாகி, பாதியில கலைஞ்சு போச்சு. இப்ப ரெண்டாவது வாட்டி. என் வூட்டம்மா வேண்டிகினா: இந்த கார்த்திகை மாசம் ஒரு நாளும் தவறாம அந்தி நேரத்துல வாசல்ல வெளக்கு வைக்கறேன், கொழந்த நல்லபடியா கைக்கு வரணும். மாசம் பொறந்தப்ப அவளுக்கு மொத ஷிஃப்டு. மத்தியானம் வந்துடுவா, குளிச்சு, வெளக்கு வைப்பா. அப்புறம் செகண்ட் ஷிஃப்டுக்கு மாத்திட்டாங்க. கெஞ்சிப் பாத்தா. ஒருத்தியும் மாத்திக்க வரல. எல்லார் வூட்லயும்தான வாசல் இருக்கு.

"நீதான் ஏத்தணும்" அப்டின்னா.

"நானா?"

"வேற யாரு? வூட்ல இருக்கறது நீதான? ரெண்டு அகல், படிக்கு ரெண்டு பக்கம். மூக்க கெழக்க பாத்து வை. நம்புளுது தெக்கு வாசல், தெரு பக்கம் திருப்பிடாத. எரியற வரைக்கும் பக்கத்துலயே இரு, எலி திரிய இழுத்துகினு போய்டும். கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" அப்டின்னேன். போன்ல கிரிக்கெட் ஓடிச்சு. அவ பை எடுத்துகினு பஸ்ஸுக்கு ஓடினா.

வெளக்கு ஏத்தறதுல எனக்கு இன்னா கஷ்டம்னு நீங்க கேக்கலாம். கம்பெனில ஏத்தாத குத்துவெளக்கா? புது மிஷின் வந்தா, ஆயுத பூஜ வந்தா, பெரிய ஆபீசர் வந்தா, மைக் என் கைலதான் இருக்கும். செருப்ப கழட்டிட்டு, மெழுகுவத்திய ஏந்திகினு, ஒவ்வொரு முகமா ஏத்தறப்ப போட்டோவ பாத்து பல்லக் காட்டுவேன். அப்ப வெக்கமே வரல. மேடைல ஆம்பள வெளக்கு ஏத்தினா அது விழா. வூட்டு வாசல்ல குந்திகினு ஏத்தினா, அவனுக்கு வேல இல்லன்னு ஊருக்கு சொல்ற நோட்டீஸு.

அதும் எந்த நேரத்துல? சரியா ஜெனரல் ஷிஃப்டு பஸ் வர நேரத்துல. என் லைன்ல கான்ட்ராக்டுல இருந்த தென்காசிப் பசங்க இப்ப வேற கம்பெனி. எங்க வூட்டுக்கு ரெண்டு வூடு தள்ளி மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கானுங்க. "சார்"னு எழுந்து நின்னவனுங்க. அவனுங்க முன்னாடி லுங்கிய மடிச்சு கட்டிகினு, வாசப்படியில குந்திகினு, திரிய உருட்டிகினு... முடியாது. என் ஒடம்பு ஒத்துக்கல.

அதனால ஒரு பிளான் போட்டேன். கம்பெனில பிளானிங்னாவே நான்தான்னு சொல்வாங்க. லைன மூடினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

வூட்ல இருந்த பிளாஸ்டிக் சேர எல்லாம் எடுத்தாந்து வாசலுக்கு வெளிய தெரு ஓரமா வரிசையா போட்டேன். தெருவுல போறவன் கண்ணுக்கு சேர்தான் தெரியும், கீழ குந்தியிருக்கற நான் தெரிய மாட்டேன். அப்பவும் தைரியம் வரல. ஹால் லைட்ட அணைச்சேன். வெளக்க படியில வைக்காம ஒரு அடி உள்ள தள்ளி தரையில வெச்சேன். ரெண்டு ஏத்தினா ரெண்டு மடங்கு நேரம் குந்தணும், அதனால ஒன்னே ஒன்னு. அகல் ஆடுச்சு. சில்வர் தட்டுல கொஞ்சம் அரிசியக் கொட்டி அதுமேல நிறுத்தினேன், ஜம்முனு நின்னுச்சு. மூக்கு? வெளக்குன்னா வாசலப் பாத்துதான இருக்கணும்னு நானா முடிவு பண்ணி, தெரு பக்கமே திருப்பி வெச்சேன். தூறல் வேற. மூஞ்சி தெரியக்கூடாதுன்னு தலைல துண்ட போட்டுகினு செவுத்துல சாஞ்சு வெளக்கு பக்கத்துலயே ஒக்காந்தேன். அந்த ஒன்ன மட்டும் அவ சொன்ன மாதிரி செஞ்சேன்.

வெளிய இருந்து பாத்தா அது இன்னா மாதிரி இருக்கும்னு நான் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். தெரு ஓரமா சேரு. இருட்டு வூடு. தரையில அரிசி மேல ஒத்த வெளக்கு, தெக்க பாத்து. பக்கத்துல தலைல துண்டு போட்டுகினு ஒரு ஆளு.

மொதல்ல வந்தவரு தெரு மொனைல துணி தேய்க்கறவரு. வண்டிய அப்படியே வுட்டுட்டு வந்தாரு. சேர்ல ஒக்காந்தாரு. என்னப் பாத்தாரு. ஒன்னும் பேசல. தலைய குனிஞ்சிகினாரு.

நான் வெளக்கு ஏத்தறத வேடிக்க பாக்கவா வந்தாரு? "வாங்க"ன்னு கூப்டலாமான்னு நெனச்சேன். கூப்ட்டா உள்ள வருவாரு, பேச்சு குடுப்பாரு, "இன்னா, நீ ஏத்தறியா?"ம்பாரு. கம்முனு இருந்தா தானா போய்டுவாருன்னு கம்முனு இருந்தேன். சாவு வூட்லதான் வந்தவங்கள வான்னு கூப்ட மாட்டாங்க. அத நான் அப்ப நெனச்சுப் பாக்கல. அவரு பாத்துகினாரு. எழுந்து தெரு மொனைக்கு போய் யாருக்கோ போன் போட்டுட்டு வந்தாரு.

அப்புறம் இன்னொருத்தர் வந்து ஒக்காந்தாரு. அப்புறம் ஒரு புருஷன் பொண்டாட்டி. யாரும் பேசல. சேரு தீந்து போச்சு, வந்தவங்க நின்னாங்க. எதிர்வூட்டு அக்கா சேரு வரைக்கும் வந்து, வெளக்கப் பாத்து, என்னப் பாத்து, சிலுவ போட்டுகினு, முந்தானையால வாயப் பொத்திகினு திரும்பி ஓடிச்சு. ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்கு போற அக்கா, எங்க வூட்டம்மாவுக்கு கூடப் பொறந்தவ மாதிரி. அதும் சிரிப்ப அடக்கத்தான் வாயப் பொத்துதுன்னு நான் நெனச்சேன். துண்ட இன்னும் கொஞ்சம் கீழ இழுத்துகினேன். உள்ளுக்குள்ள ஒரே கோவம். ஒரு ஆம்பள ஒரு நாளு ஒரு வெளக்கு ஏத்தினா ஊரே தெரண்டு வந்து பாக்கணுமா?

அர மணி நேரம் போயிருக்கும், தென்காசிப் பசங்க வந்தானுங்க. பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா, முதுகுல பையோட. முன்னாடி நின்னவன் கைல பெரிய ரோஜா மால.

படிகிட்ட வந்து செருப்ப கழட்டினான். "சார்... ஒரு வார்த்த சொல்லிருந்தீங்கன்னா அப்பமே வந்திருப்போம்லா சார்."

"எதுக்குடா?"

அவன் உள்ள எட்டிப் பாத்தான். இருட்டு. "இன்னும் கொண்டு வரலயா சார்?"

"இன்னாத்த?"

அவன் தேய்க்கறவரப் பாத்தான். அவரு தலைய தூக்கி என்னப் பாத்தாரு. நான் மாலையப் பாத்தேன். தட்டப் பாத்தேன். அரிசியப் பாத்தேன். அப்பதான் எனக்கு ஒவ்வொன்னா ஒறைச்சுது. ஈயத்த காய்ச்சி காதுல ஊத்தின மாதிரி இருந்துச்சு.

"யாருக்குடா இந்த மால?"

"தெரியல சார். தேய்க்கற அண்ணன்தான் போன் போட்டுச்சு. ஒங்க வீட்ல துஷ்டின்னு. யாருன்னு கேக்க மனசு வரல."

மரியாத தெரிஞ்சவனா இருந்தா அந்த எடத்துல கைய எடுத்து கும்புட்டு மன்னிப்பு கேட்டிருப்பான். எனக்கு வாய் முந்திகிச்சு. எழுந்து நின்னு, துண்ட ஒதறி, "யாரும் சாவலப்பா. கொண்டாந்தது கொண்டாந்துட்ட, எனக்கே போட்டுடு. ரிட்டயர்மென்ட்டுக்கு பூச்செண்டுதான் குடுத்தாங்க, மால பாக்கி"ன்னேன்.

ஒருத்தரும் சிரிக்கல.

தேய்க்கறவரு எழுந்தாரு. "யோவ், பொட்டி நெருப்ப அப்படியே வுட்டுட்டு ஓடியாந்திருக்கேன்யா. சாவு வூட்டுக்காரன் மாதிரி தலைல துண்ட போட்டுகினு ஒக்காந்துகினு, வந்தவன வான்னும் சொல்லாம... உனுக்கு இது வெளாட்டா கீதா?"

"இல்லண்ணே, வெளக்கு ஏத்தினேன். வூட்டம்மா ஷிஃப்டுக்கு போயிருக்கா. யாரும் பாக்க வேணாம்னு..."

"பாத்தா இன்னா?"

மால வெச்சிருந்த பையன் மெதுவா சொன்னான்: "சார், எங்களுக்கு எல்லாம் தெரியும் சார். லைன மூடினதுமே கேள்விப்பட்டுட்டோம்லா. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் கேக்கல." சொல்லிட்டு மாலைய முதுகுக்குப் பின்னாடி மறைச்சிகினான், ஏதோ தப்பு அவன் மேல மாதிரி.

இவ்ளோதான் அசிங்கம்னு நான் நெனச்சப்ப, எதிர்வூட்டு அக்கா ஓடியாந்துச்சு. நான் நின்னுகினு பேசறதப் பாத்து அதுக்கு ஒன்னும் புரியல. விஷயத்த கேட்டுட்டு தலைல அடிச்சிகிச்சு.

"அய்யோ மாதாவே! தம்பி, நான் உன் சம்சாரத்துக்கு போன் போட்டுட்டேனே!"

கேன்டீனுக்குள்ள போன் கொண்டு போவ வுட மாட்டாங்க. கேட்டுல செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுதான் உள்ள போவணும். அக்கா விடாம அடிக்கவும் அவரு எடுத்திருக்காரு. "வூட்ல விஷயம், ஒடனே அனுப்பி வைங்க"ன்னு அக்கா சொல்லியிருக்கு. என்ன விஷயம்னு அக்காவுக்கே தெரியாது, அவரு எங்க கேக்கறது?

என் போன் ரூம்ல சார்ஜுல கெடந்துச்சு, சைலன்ட்டுல. ஓடிப் போய் எடுத்தா, ஸ்க்ரீன் பூரா அவ பேருதான். திருப்பி அடிச்சேன். தெருவுல ஆட்டோ சத்தமும் அவ போன் ரிங்கும் ஒன்னா கேட்டுச்சு.

அவ எறங்கினா. தலைல முடி வுழாம இருக்க மாட்டற வல, நீல ஏப்ரன், கால்ல தட்டு கழுவற எடத்துல போடற ரப்பர் பூட்ஸு. எதையும் மாத்தாம வந்திருக்கா. கைல போன் அடிச்சிகினே இருக்கு, அவ எடுக்கல. கூட்டத்தப் பாத்தா. சேரப் பாத்தா. மாலைய பையன் மறைச்சும் அவ கண்ணுக்கு தப்பல. அப்புறம் என்னப் பாத்தா. நான் உசுரோட நிக்கறதப் பாத்ததும் அவ மூஞ்சி தெளியல. இன்னும் கறுத்துச்சு. நான் இல்லன்னா வேற யாருன்னு அவளுக்கு ஒரே ஒரு கணக்குதான.

"பொண்ணா?" அப்டின்னா. சத்தமே வரல, வாய்தான் அசைஞ்சுது.

"இல்லமே, இல்ல. யாருக்கும் ஒன்னும் இல்ல. அவ நல்லாகீறா."

"பேசினியா?"

பேசல. பொண்ணுக்கு அடிச்சு ஸ்பீக்கர்ல போட்டேன். ரிங் போச்சு. கடைசில எடுத்தா, வாய் நெறய எதையோ மென்னுகினு. "இன்னாப்பா? மாமி முறுக்கு சுட்டாங்க, துன்னுகினு கீறேன். அம்மா ட்யூட்டிக்கு பூட்டாங்களா?"

என் வூட்டம்மா பக்கத்துல இருந்த சேர்ல அப்படியே ஒக்காந்துட்டா. அழல. பூட்ஸ் காலு ரெண்டும் ஆடிகினே இருந்துச்சு, மிஷின் நின்னப்புறமும் பெல்ட்டு ஆடற மாதிரி. குனிஞ்சிகினே சொன்னா: "ஆட்டோல வரப்ப அவளுக்கு போன் பண்ணவே பயமா இருந்துச்சு. எடுக்கலன்னா இன்னா பண்றதுன்னு."

எனக்கு எதாச்சும் சொல்லியாவணும் மாதிரி இருந்துச்சு. எனக்கு தெரிஞ்சது ஒன்னுதான். "நான் போய்ட்டேன்னு நெனச்சு சந்தோஷமா ஓடியாந்தியா?"ன்னு கேட்டேன்.

அவ என்ன நிமிந்து பாத்தா. இத்தன வருஷத்துல அவ என்ன அப்படி பாத்ததில்ல. கோவமா இருந்தா தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத ஆள பாக்கற மாதிரி பாத்தா.

"ஏன் உள்ள வெச்ச?"

நான் துண்ட மடிச்சேன்.

"சேரு எதுக்கு?"

துண்ட இன்னும் சின்னதா மடிச்சேன். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

"வெளக்கு ஏத்தறது உனுக்கு அசிங்கம். அதான?" அப்டின்னா. "நான் அங்க கண்டவன் எச்ச தட்ட கழுவறேன். போறவன் வரவன் எல்லாம் பாக்கறான். நான் சேரு போட்டு மறைச்சிக்கல."

குரல ஒசத்தல. அதனாலதான் தெரு மொனை வரைக்கும் கேட்டுச்சு.

அப்புறம் அவ கண்ணு வெளக்கு மேல போச்சு. அங்கதான் அவ ஒடஞ்சா. "பிள்ளத்தாச்சி பொண்ணுக்கு வேண்டிகினு வெச்ச வெளக்க, பொணத்துக்கு வைக்கற மாதிரி வெச்சிருக்கியே" அப்டின்னு முந்தானைய தேடினா. முந்தானை இல்ல. ஏப்ரன்ல மூஞ்சத் தொடச்சிகினா.

எதிர்வூட்டு அக்கா அவ தோள புடிச்சிகினு, "தப்பா நெனச்சது நாங்கதான்டி. வெளக்கு இன்னா பண்ணும்? கல்லறைத் திருநாளுக்கு செத்தவங்களுக்கு ஏத்தற மெழுகுவத்தியதான் மாதாவுக்கும் ஏத்தறோம்" அப்டின்னுச்சு.

"உங்களுக்கு அது சரிக்கா. எனுக்கு மனசு கேக்கல" அப்டின்னா. அப்புறம் என்னப் பாக்காமலே, "அத மலையேத்து. ரெண்டா வை. வெளிய வை" அப்டின்னா.

நான் குனிஞ்சு வாயக் குவிச்சேன்.

"ஊதாத!" தெருவே கத்துச்சு. தேய்க்கறவரு, அக்கா, தென்காசிப் பசங்க, எல்லாரும் ஒரே கொரலுல. வாயால வெளக்க ஊதி அணைக்கக்கூடாதுன்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சத எல்லாம் அன்னிக்கு வாய் முந்திகிச்சு. ஒரு குச்சிய எடுத்து திரிய எண்ணெய்க்குள்ள தள்ளினேன். பொக வந்து கண்ணெரிஞ்சுது. நல்லதுக்குதான்.

சேர எல்லாம் அவங்களே நகத்தி வெச்சாங்க. நடுவுல வழி வுட்டு நின்னாங்க. நான் லுங்கிய மடிச்சு கட்டிகினு படியில குந்தினேன். எத்தன பேரு கண்ணு படக்கூடாதுன்னு பாத்தேனோ, அத்தன பேரும் நின்னு பாத்தாங்க. ரெண்டு அகல கழுவி, எண்ண ஊத்தி, புது திரி போட்டு, மூக்க கெழக்க திருப்பி, "சரியா?"ன்னு கேட்டேன். கேட்டது அவள. தல ஆட்டினது தேய்க்கறவரு.

தீக்குச்சி நமுத்துப் போயிருந்துச்சு. ஒன்னு, பத்தல. இன்னொன்னு, பத்தி அணைஞ்சுது. செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்துலேர்ந்து ஈரக்காத்து. யாராச்சும் ஒருத்தன் ஒரு நக்கல் அடிச்சா தேவலன்னு இருந்துச்சு. "இன்னா சார், டார்கெட் முடியுமா?"ன்னு ஒரு பையன் கேட்டிருக்கலாம். எல்லாரும் மரியாதையா நின்னாங்க. ஒரு மனுஷன சாவடிக்க மரியாத போதும்.

அவ எழுந்து வந்தா. பூட்ஸோட எனக்கு எதிர்ல குந்தினா. ஏப்ரன் நுனிய ரெண்டு கையாலயும் விரிச்சு காத்துக்கு மறைப்பா புடிச்சா. சாம்பார் வாசனையும் சோப்பு வாசனையும் அடிச்சுது. வெரல் நுனியெல்லாம் தண்ணில ஊறி வெளுத்துப் போயிருந்துச்சு. இத்தன மாசமா பக்கத்துல இருக்கேன், அந்த வெரல நான் பாக்கல. மொத வெளக்கு புடிச்சுது. அதுலேர்ந்து ரெண்டாவது. தீ நிமிர்ற வரைக்கும் அவ அசையல. கண்ண மூடிகினா, ஒதடு அசைஞ்சுது. பொண்ணு பேரு மட்டும் எனக்கு கேட்டுச்சு.

எழுந்து, ஆட்டோவ கூப்ட்டா.

"எங்க போற?"

"பர்மிஷன்ல வந்திருக்கேன். ஷிஃப்டு பாக்கி கீது. தட்டெல்லாம் அப்படியே கெடக்கும்."

"சாப்ட்டு போயேன்."

அவ ஆட்டோகிட்ட போனா. ஏறி ஒக்காந்து, கடைசியா ஒரு வாட்டி வாசல பாத்தா. என்ன இல்ல, வெளக்க. ஆட்டோ போச்சு. மால வெச்சிருந்த பையன் அத எங்க போடறதுன்னு தெரியாம பைக்குள்ள திணிச்சிகினு, "வாரேன் சார்"னான். சாவு வூட்ல போய்ட்டு வரேன்னு சொல்லக்கூடாது. அவன் சொன்னான். அதுக்காகவே சொன்னான்னு நெனைக்கிறேன்.

எல்லாரும் போனாங்க. நான் அங்கயே படியில ஒக்காந்தேன், ரெண்டு வெளக்குக்கும் நடுவுல. அடுத்த பஸ் வந்துச்சு. எறங்கினவங்க தெருவுக்குள்ள வந்தாங்க, என்னப் பாத்தாங்க, சில பேரு தல ஆட்டினாங்க, போனாங்க. உள்ள போறதுக்கு வெக்கமா இருந்துச்சு. வெளிய ஒக்காந்திருக்கவும் வெக்கமாத்தான் இருந்துச்சு. எலி வருதான்னு பாத்துகினு வெளியவே ஒக்காந்திருந்தேன்.